ஓடைக்கரையில் சொகுசு வீடு: கோத்தகிரியில் இடம் வாங்கிய திருப்பூர்க்காரருக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், கோத்தகிரி அரவேனுவுக்குக் கீழே 72 சென்ட் பழைய தேயிலைத் தோட்டம் வாங்கியிருக்கிறார். கீழ் எல்லை முழுக்க ஓடை. அதை ஒட்டி 4,500 சதுர அடியில் வீடு கட்டப் போகிறார். ஓடைப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் நீச்சல்குளம், தரைக்குக் கீழே ஹோம் தியேட்டர். பாலித் தீவில் ஆற்றோரம் இருக்கும் ஒரு வில்லாவைப் பார்த்து வரைந்த பிளானும் தயார். "மலைக்கு ஏற்ற மாதிரி இதில் என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்கிறார்.

குன்னூரில் இருந்துகொண்டு 26 வருடமாக இந்த மலையில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். நேராகச் சொன்னால் வருத்தப்படக் கூடாது: மாற்ற வேண்டியது பிளானை இல்லைங்க, வீடு நிற்கும் இடத்தை. ஓடைக்கரையை விட்டுவிட்டு மனையின் மேல் பாதிக்கு வீட்டை ஏற்றுங்கள். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொச்சியிலோ பாலியிலோ ஆற்றோரம் கட்டுகிறவனுக்கு எதிரி வெயில். அதனால் அவன் வீட்டைத் திறந்து வைக்கிறான், காற்றை உள்ளே விடுகிறான், தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான். பெரிய ஆறு ஏறுவதற்கு நேரம் எடுக்கும். சாமான்களை மாடிக்குத் தூக்க அவகாசம் கிடைக்கும். நம் ஓடை அப்படி இல்லை. மேலே நாலு தோட்டத்துத் தண்ணீரும் ஒரே பள்ளத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் கணுக்கால் தண்ணீர் கழுத்துக்கு வரும். கல்லையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். நீலகிரியும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஆறாயிரம் அடி உயரத்தில் வீட்டுக்கு எதிரி ஈரம். அடுத்தது குளிர். வெயில் இங்கே விருந்தாளி.

ஓடைக்கரைதான் மனையிலேயே மிகவும் குளிரான இடம் என்பதை வாங்குகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒவ்வொரு மார்கழியிலும் பேப்பரில் ஊட்டி உறைபனிப் படம் வருகிறதே, அது தலைகுந்தாவிலும் காந்தலிலும் எடுத்ததாக இருக்கும். எல்லாம் தாழ்வான புல்வெளி. அதே இரவில் மேட்டில் இருக்கிற வீட்டு முற்றத்தில் பனித்துளிதான் கிடக்கும். வெயிலும் அப்படித்தான். எதிர் மேடு மறைப்பதால் பள்ளத்துக்கு வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும். இந்த மலையின் படகர்களுடைய ஊர்களை, அதாவது ஹட்டிகளை, கவனித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக வீடுகள் சரிவில் மேலே, விளைநிலம் கீழே. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று யாரும் ஓடைக்குள் இறங்கிக் குடியிருக்கவில்லை.

சரி, மழைக்கு வருவோம். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு, அதாவது கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்துக்கு, ஆடி, ஆவணிதான் பெருமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. உங்கள் இடம் கிழக்குச் சரிவு. உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். 1978, 1979, 1993, 2009 என்று இந்தப் பக்கத்துப் பெரிய மண்சரிவுகள் எல்லாம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் ரோடே கீழே போனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது.

இந்த 82-ஐ உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கூரை 2,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாளில் கூரையில் மட்டும் விழுவது சுமார் 1,52,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு லோடுக்கு மேல். உங்கள் பிளானில் இந்தத் தண்ணீர் போக நாலு அங்குல பைப் நாலு காட்டியிருக்கிறார்கள். பைப் எங்கே முடிகிறது என்று பார்த்தால், தரையில். அதாவது பன்னிரண்டு லாரித் தண்ணீரை வீட்டின் காலடி மண்ணிலேயே கொட்டுகிறீர்கள். மேலே 70 சென்ட் சரிவிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் தனி.

இந்த மலையின் அடிக்கல் சார்னோகைட். உறுதியான கல், குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிப்போன செம்மண் போர்வை கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது நெட்டுக்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். ஊறிவிட்டால் மண்துகள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அழுத்தி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விலக்கிவிடும். அப்போது மண் கஞ்சி மாதிரி நகரும். அடிவாரத்தை வெட்டியிருந்தால் இன்னும் சுலபமாக நகரும்.

இதில் நானே வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பத்தடி உயரத் தடுப்புச் சுவர் கட்டிக் கொடுத்திருந்தேன். கல் கட்டு நல்ல கட்டு. தண்ணீர் வடிய பதினெட்டு வீப் ஹோல் வைத்திருந்தோம். நவம்பர் மழையில், இரவு ஒரு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மழை வாளி வாளியாகக் கொட்டுகிறது. பதினெட்டு ஓட்டையில் ஒன்றில்கூட ஒரு சொட்டு வடியவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே பிசுபிசு என்று களிமண். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி போட்டு நிரப்பச் சொல்லியிருந்தேன். நான் கோயமுத்தூர் போயிருந்த இரண்டு நாளில், வெட்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டார்கள். திரும்பி வந்து நான் தோண்டிப் பார்க்கவில்லை, அதுதான் என் தப்பு. அப்போதே குடும்பத்தை வெளியே கூட்டி வந்துவிட்டோம். நாலு மணிக்குச் சுவர் வயிறு தள்ளி, படுத்தது. காரின் மேல் படுத்தது, ஆளின் மேல் இல்லை.

பத்தடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுசாகத் தேங்கினால், தண்ணீர் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் நாலரை டன் தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. உங்கள் பிளானில் தியேட்டருக்காக 20 அடி வெட்டு காட்டியிருக்கிறது. பதினெட்டு டன்! அதையும் தாங்கும் சுவர் கட்ட முடியும். ஆனால் அந்தச் சுவரின் செலவில் மேலே இன்னொரு சின்ன வீடே கட்டலாம். அதோடு, தரைக்கடியில் இருக்கும் அறை இந்த மலையில் எப்போதும் நனைந்த துணி வாசம்தான் அடிக்கும். தியேட்டரை மாடிக்கு ஏற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கோத்தகிரிக்கு வந்து யாராவது சினிமா பார்ப்பார்களா?

இப்போது இடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேடுபள்ளத்தை அளக்கும் காண்டூர் சர்வே, மூன்று இடத்தில் போர் போட்டு மண் பரிசோதனை, இரண்டும் கட்டாயம். வீட்டுச் செலவில் அது கறிவேப்பிலைக் காசு. அதற்கு முன்னால் உங்கள் கண்ணே நிறையச் சொல்லும். ஓடையோர மரக்கிளைகளில் சருகும் பிளாஸ்டிக் கவரும் மாட்டித் தொங்குகிற உயரத்தைப் பாருங்கள். தண்ணீர் அங்கே வந்து போயிருக்கிறது. தேயிலைக்கு நடுவில் உருண்டையான பெரிய பாறைகள் சிதறிக் கிடந்தால், அழகாக இருக்கிறதே என்று தோட்டம் போட நினைக்காதீர்கள். கல் இருந்த இடத்திலேயே மக்கியும் உருண்டையாகும், தண்ணீரில் புரண்டும் உருண்டையாகும். அங்கேயே இருந்தவையா, மேலிருந்து வந்து விழுந்தவையா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், அங்கே மண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சரிவின் நடுவில் ஒரு திட்டு மட்டும் பெரணியும் சேம்புமாகப் பச்சென்று இருந்தால் அது ஊற்று. அதன் மேல் கட்டாதீர்கள், அதை மூடவும் மூடாதீர்கள். இதற்கெல்லாம் மேல், அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டு, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்கம்மா?" என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டுவார். அந்த இடத்தைவிட இருபதடி உயரத்தில் உங்கள் தரைமட்டம் இருக்கட்டும். விதியில் எழுதியிருப்பது வேறு, இது என் கணக்கு.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹாக்கா' என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமமா என்று முதலில் பாருங்கள். வந்தால் புவியியல், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். நீண்ட காலமாக இங்கே கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்பதுதான் கணக்காக இருந்தது, இப்போதைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று மாடி அதில் அடங்காது. ஜேசிபி, பொக்லைன் இறக்கவும் ஆழ்குழாய்க் கிணறு போடவும் கலெக்டர் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும். புல வரைபடத்தை வைத்துக்கொண்டு சர்வேயரை நிற்கவைத்து ஓடைப் புறம்போக்குக் கல்லை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். விற்றவர் காட்டிய வேலி எல்லை கிடையாது. "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிற புரோக்கரிடம் எழுதிக் கேளுங்கள், சத்தம் அடங்கிவிடும். சீகூரில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்தார்களே, அவற்றையும் யாரோ ஒருவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லித்தான் கட்டியிருப்பார்கள்.

இனி வீடு. 4,500 சதுர அடியை ஒரே பெட்டியாக வைத்தால் மலையைப் பெரிதாக வெட்ட வேண்டும். மூன்று சின்னக் கட்டடமாகப் பிரித்து, சரிவின் போக்கிலேயே படிப்படியாக, ஒன்றுக்கொன்று நாலைந்து அடி உயர வித்தியாசத்தில் வையுங்கள். நடுவே கூரை போட்ட நடைபாதை. எந்த வெட்டும் ஆறடியைத் தாண்ட வேண்டாம். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கக் கூடாது. கொட்டிய பக்கம் இறங்கும், இரண்டும் சேரும் கோட்டில் சுவர் விரியும், பிறகு வருடா வருடம் பட்டி பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். சரிவுப் பக்கம் தூண் எழுப்பி, அதன் அஸ்திவாரத்தைக் கெட்டித்தரை வரை இறக்கி, தரையைத் தூக்கி நிறுத்துங்கள். அடியில் காற்று ஓடட்டும். பழைய வெள்ளைக்கார பங்களாக்களில் மரத்தளத்துக்கு அடியில் இடைவெளி விட்டு, சுவரில் சின்னக் காற்றோட்ட ஓட்டை வைத்திருப்பார்கள். அதனால்தான் நூறு வருடமாகியும் பலகை மக்காமல் இருக்கிறது.

வீட்டுக்கு மேல்புறம் சரிவுக்குக் குறுக்கே ஒரு வாரி வெட்டி, கல் பதித்து, மேலிருந்து வரும் தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்குங்கள். அங்கிருந்து ஓடை வரை படிப்படியாக இறங்கும் கல் வாய்க்கால். வழவழவென்று சாய்த்துப் போட்டால் தண்ணீர் வேகம் பிடித்து அடியில் குழி பறிக்கும். படியில் விழுந்து விழுந்து போனால் வேகம் செத்துவிடும். கூரைத் தண்ணீரில் ஐம்பதாயிரம் லிட்டரைத் தொட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள், மாசி முதல் சித்திரை வரை அருமை தெரியும். ஓடையில் மோட்டார் போடாதீர்கள். கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே காரணத்தால் செப்டிக் டேங்க் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தண்ணீர் உறிஞ்சும் குழியைச் சரிவில் தோண்டினால் இரண்டு கேடு: அழுக்கு ஓடைக்குப் போகும், மண் உள்ளுக்குள்ளேயே ஊறும். டேங்கிலிருந்து வரும் தண்ணீரை, அடியில் கசியாத ஜல்லிப் படுகையில் நாணல், கல்வாழை வைத்து வடிகட்டித் தோட்டத்துக்கு விடுங்கள். ஓடையிலிருந்து நூறடியாவது தள்ளி.

நீச்சல்குளம்... 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் மட்டும் 56 டன். அதைச் சரிவின் விளிம்பில் தொங்கவிடுகிறீர்கள். ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால், ராத்திரி பகலாக உங்கள் காலடி மண்ணுக்கே நீர் பாய்ச்சுகிற வேலை நடக்கும். சரி, எல்லாம் சரியாகவே கட்டினாலும், நான் கட்டிய இரண்டு குளத்தில் ஒன்றில் இப்போது தாமரை பூக்கிறது, இன்னொன்றில் பிள்ளைகள் மீன் விட்டிருக்கிறார்கள். குளிரில் யாரும் இறங்கவில்லை.

கண்ணாடி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் என்பதுதான் பேச்சு. நாம் இருப்பது வடக்கே பதினொன்றரை டிகிரியில். மார்கழியில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் கிழக்கிலும் தெற்கிலும் பெரிய கண்ணாடி வைத்தால் குளிர்காலம் முழுக்க வெயில் வீட்டுக்குள் வந்து உட்காரும். பிற்பகலில் மேகம் பள்ளத்திலிருந்து ஏறிவிடும், ஆகவே காலை வெயில்தான் சொத்து. ஓடை வடக்குப் பக்கம் இருக்கிறது என்பதற்காக வடக்கு முழுக்கக் கண்ணாடி போட்டால், பனிமூட்டத்தையும் ஈரம் பூத்த கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு ஓர் அகலமான ஜன்னல், இரட்டைக் கண்ணாடியில். போதும்.

இன்னொன்று, கரடி. கோத்தகிரிக் கரடிக்கு எண்ணெய் வாசம் தெரியும். கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கதவை உடைத்து உள்ளே போகிற ஆள். சமையலறைக் கதவு கனமரமாக, உள்தாழ்ப்பாளோடு இருக்கட்டும், குப்பைத்தொட்டி வெளியே வேண்டாம். ஓடைப் பள்ளம்தான் காட்டுமாட்டுக்கும் சிறுத்தைக்கும் ரோடு. அதனால் கீழ்ப் பகுதியில் வேலி போடாதீர்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும், ஆகவே வீட்டோரம் பலா நடாதீர்கள்.

சொகுசு என்றால் இங்கே இத்தாலி மார்பிள் கிடையாது. ஆடி மாதத்தில் காய்ந்த படுக்கைவிரிப்பு, அதுதான் சொகுசு. ஜிப்சம் சீலிங், தோல் சோபா, வெளிச்சுவரோடு ஒட்டிய வார்ட்ரோப், மூன்றும் பூசணத்துக்கு விருந்து. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்து, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிடுவது இங்கத்திய பழைய பழக்கம். பட்டுப்புடவை தப்பிக்கும். கணப்பு அடுப்பை வெளிச்சுவரில் வைக்காதீர்கள், வீட்டு நடுச்சுவரில் வையுங்கள். கல் சூடேறினால் விடியும்வரை இரண்டு அறைக்குக் கதகதப்பு. புகைபோக்கி இல்லாத அறையில் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கினால் எழுந்திருக்க மாட்டார்கள். விருந்தாளிகளிடம் இதைச் சொல்லியே விடுங்கள்.

அப்படியானால் ஓடை? அதைத் தாராளமாக ரசிக்கலாம். வீட்டிலிருந்து கல்படி இறங்கட்டும். கரைக்குச் சற்று மேலே ஓடு வேய்ந்த சின்னத் திண்ணை, நாலு பேர் உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்கு. வெள்ளம் கொண்டுபோனாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். படுக்கையறையை அங்கே வைக்காதீர்கள். 2024 ஜூலை 30 அதிகாலை, நம் கூடலூருக்கு அப்பால் வயநாட்டில், மலை சரிந்தது முண்டக்கைக்கு மேலே. சூரல்மலையில் ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தேடி மண் கீழே வந்தது. உங்கள் வாட்ச்மேனுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடைச் சத்தம் திடீரென அடங்கினால், மேலே எங்கோ மரமும் மண்ணும் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். விளக்கை அணைக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

இந்த வருடம் கட்ட ஆரம்பிக்காதீர்கள். புரட்டாசியில் ஒரு நாள் வந்து, ஓடையிலிருந்து மேலே பத்தடிக்கு ஒன்றாக, சுண்ணாம்பு அடித்த ஆறு குச்சிகளை ஆழமாக ஊன்றுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது கோத்தகிரியில் ரூம் எடுத்து மூன்று நாள் தங்கி, குடை பிடித்துக்கொண்டு மனையில் நடந்து பாருங்கள். அந்த டிசைனர் தம்பியையும் கூட்டி வாருங்கள். கார்த்திகை முடிந்ததும் எந்தெந்தக் குச்சி நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள், பிளானை அப்புறம் பிரிக்கலாம்.